சுவர் யாருக்கு? சோறு யாருக்கு?

கப்பல் வந்து நின்றது!

நெல் ஏற்றி வந்த கப்பலன்று. நிலக்கரி ஏற்றி வந்ததும் அன்று. மோட்டார் கார் ஏற்றி வந்த கப்பல்! ஒரே பயணத்தில் 9,200 கார்களைச் சுமக்கவல்ல பெருங்கப்பல். சீன நாட்டு ஷென்சென் நகரின் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பல், 2025 மே மாதத்தில் பிரேசில் நாட்டு இட்டஜாயி துறைமுகத்தை அடைந்தது. புற்றிலிருந்து எறும்புச் சாரை புறப்படுவதுபோல, 7,000-க்கு மேற்பட்ட கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை இறங்கின.

வாங்க நினைத்தவர் விலையைப் பார்த்தார். போட்டி முதலாளி தன் விற்பனைக் கணக்கைப் பார்த்தார். அரசாங்கத்தார் சுங்கவரி ஏட்டைப் புரட்டிப் பார்த்தனர். பாட்டாளித் தோழர்களே, நாம் பார்க்க வேண்டியது எதை?

"சீனாக்காரன் காருக்கும் நமக்கும் என்ன தொடர்பு? காரா வாங்கப்போகிறோம் நாம்? பைக்குக்கு நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடவே பத்து முறை கணக்குப் பார்க்கிறவர்கள் ஆயிற்றே!" என்று கேட்கும் தோழர் உண்டு. கேட்கட்டும், நியாயமான கேள்வி. வாங்குகிறவனுக்குத்தான் அது கார். செய்கிறவனுக்கு அது சோறு. பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம். மகளின் கல்யாணச் செலவு. தாயின் மருந்துச் சீட்டு. அந்தச் சோறு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு இடம் பெயர்கிறது. அதை எந்தச் சுவர் தடுக்கும், எந்த வாசல் அழைத்து வரும் என்பதுதான் இன்று உலகத்து அரசாங்கங்களின் பெரும்பேச்சு. அந்தப் பேச்சில் நமக்குப் பங்கில்லை என்றால் வேறு எவருக்கு உண்டு?

வித்தையல்ல, திட்டம்!

சீனக் கார் எப்படி இவ்வளவு மலிவாக வந்தது? மந்திரத்தில் மாங்காய் விழவில்லை.

1995-இல் ஷென்சென் நகரில் மின்கலம் செய்யத் தொடங்கியது பி.ஒய்.டி. என்னும் கம்பெனி. தொடங்கியவர் வாங் சுவான்ஃபு. 2003-இல் ஒரு சிறு கார் ஆலையை வாங்கிக் கார்த் தொழிலில் இறங்கினார். 2022 மார்ச்சில், பெட்ரோலில் மட்டுமே ஓடும் கார்களைச் செய்வதில்லை என்று நிறுத்திவிட்டது அந்தக் கம்பெனி. 2025-ஆம் ஆண்டுக் கணக்கில், மின்கலத்தில் மட்டும் ஓடும் கார்களின் விற்பனையில், அமெரிக்காவின் டெஸ்லாவையே பின்னே தள்ளி முன்னே வந்து நின்றது.

காரணம் என்ன? மின்சாரக் காரின் விலையில் பெரும்பங்கை விழுங்குவது மின்கலம். அந்த மின்கலத்தைத் தானே செய்துகொள்கிறது அந்தக் கம்பெனி. அதுவும் நிக்கலும் கோபால்டும் வேண்டாத, இரும்பும் பாஸ்பேட்டும் கலந்த மலிவான மின்கலம். இவற்றுக்கெல்லாம் மேலாக அரசாங்கத்தின் கை! 2009 முதல் 2022 முடியும்வரை மின்சாரக் கார்களுக்கு மானியம் கொடுத்து, அந்தத் தொழிலைப் பிள்ளைபோல வளர்த்தது சீன அரசு. பிள்ளை வளர்ந்தது. ஒன்றாக அல்ல, நூறாக வளர்ந்தது! உள்நாட்டில் ஆலைகள் பெருகின. கம்பெனிக்குக் கம்பெனி விலையை வெட்டிக்கொண்டு சண்டையிட்டன. இலாபம் இளைத்தது. ஆகவே கடல் கடந்தால்தான் கரையேறலாம் என்ற நிலை. 2023-இல் ஜப்பானையும் முந்திக்கொண்டு, கார் ஏற்றுமதியில் உலகின் முதல் நாடாயிற்று சீனா.

திறமையைத் திறமை என்று ஒப்புக்கொள்வதில் நமக்குக் கூச்சமில்லை. அந்தத் திறமையின் பின்னே பல இலட்சம் சீனத் தொழிலாளர்களின் கை இருக்கிறது என்பதையும் மறக்கமாட்டோம்.

எழுந்தன சுவர்கள்!

கப்பல்கள் புறப்பட்டதும் சுவர்கள் எழுந்தன. அமெரிக்கா, 2024 செப்டம்பரில், சீன மின்சாரக் காருக்கு இருந்த 25 விழுக்காடு வரியை 100 ஆக்கிற்று. பத்து இலட்ச ரூபாய்ச் சரக்கு என்றால், பத்து இலட்சம் வரி! அடுத்த மாதமே கனடாவும் அதே வழியில் 100 விழுக்காடு என்றது. அந்த அக்டோபர் முடிவதற்குள் ஐரோப்பிய ஒன்றியம், முன்பிருந்த 10 விழுக்காட்டுக்குமேல் கம்பெனிக்குத் தகுந்தபடி வரி போட்டது. பி.ஒய்.டி.க்கு 17 விழுக்காடு, ஜீலிக்கு 18.8, எஸ்.ஏ.ஐ.சி.க்கு 35.3. துருக்கி 40 என்றது. மெக்சிகோ, 2026 பிறந்ததும், 50 என்றது.

சுவர் எழுப்புவது தவறா? தவறென்று நாம் சொல்லமாட்டோம். அன்னியச் சரக்குக்கு வாசலை அகலத் திறந்துவிட்ட வெள்ளையன் ஆட்சியிலே, மான்செஸ்டர் துணி வந்து குவிந்து, நம் கைத்தறியாளர் தறிக்குழியிலே கண்ணீர் வடித்த வரலாற்றை மறந்தவர்களா நாம்? வீட்டுக்குக் கதவு வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாளும் வேண்டும். ஆனால் தாழ்ப்பாள் யார் கையில் இருக்கிறது, உள்ளே பத்திரமாக இருப்பது யார் என்று கேட்கவேண்டாமா?

ஐரோப்பாவின் சுவரைப் பாருங்கள். "சீனக் கார்" என்று வரி போட்டார்களே, அந்தச் சீனக் கார் எது? ஷாங்காயில் ஆலை வைத்துள்ள அமெரிக்க டெஸ்லாவின் காருக்கும் வரி! சீனத்தில் செய்யப்பட்ட ஜெர்மன் பி.எம்.டபிள்யூ.வின் மினி காருக்கும் வரி! 2025 ஜனவரியில் அந்த வரியை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்குச் சீனக் கம்பெனிகள் போயின. அவற்றோடு டெஸ்லாவும் பி.எம்.டபிள்யூ.வும் போயின! வரிவிதிப்பு வாக்கெடுப்புக்கு வந்தபோது, எதிர்த்து வாக்களித்த நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. ஏன்? ஜெர்மன் முதலாளிகளுக்குச் சீனத்திலே ஆலை, சீனத்திலே சந்தை. முதலாளிக்குத் தேசக்கொடி உண்டு என்று நம்புகிறவர்கள், இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்!

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? சுவர் எழுந்து நான்கு மாதத்தில், 2025 பிப்ரவரி இறுதியில், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் ஆடி கம்பெனி தன் மின்சாரக் கார் ஆலையை மூடிற்று. ஏறத்தாழ 3,000 தொழிலாளர்கள் வெளியே வந்தனர். அந்தக் கார் விற்கவில்லை, செலவு மிகுதி என்றது கம்பெனி. ஃபோக்ஸ்வேகனோ, 2030-க்குள் ஜெர்மனியில் 35,000 வேலைகளைக் குறைப்பதென்று 2024 டிசம்பரில் முடிவு கட்டிற்று. சுவர் நின்றது, சோறு நிற்கவில்லை!

கனடாவின் கதை இன்னும் வேடிக்கை. வேதனை கலந்த வேடிக்கை. காருக்கு அவர்கள் வரி போட்டார்கள். சீனா சும்மா இருந்ததா? 2025 மார்ச்சில், கனோலா எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் பட்டாணிக்கும் 100 விழுக்காடு வரி போட்டுத் திருப்பி அடித்தது. கனோலா என்பது நம் கடுகுக்கு உறவான எண்ணெய் வித்து. கார் செய்யாத, கார் விற்காத உழவன் தலையிலே அடி விழுந்தது! காருக்குப் போட்ட வரியைக் கடுகுக்காரன் கட்டினான்! கடைசியில் 2026 ஜனவரியில் கனடாவின் பிரதமர் கார்னி பெய்ஜிங் சென்று, ஆண்டுக்கு 49,000 சீன மின்சாரக் கார்கள் வரை 6.1 விழுக்காடு வரியில் வரலாம் என்று ஒப்புக்கொண்டு, கனோலாவுக்கு வழி கேட்டார். யானைகள் போரிட்டன. மிதிபட்டது வயற்காடு!

சுவருக்கு உள்ளே வீடு!

சுவரைத் தாண்ட ஏணி தேவையில்லை. சுவருக்கு உள்ளேயே வீடு கட்டிக்கொண்டால் போதும். அதைத்தான் செய்கின்றன சீனக் கம்பெனிகள். ஹங்கேரியில் செகெட் நகரிலே ஆலை என்று 2023-இல் அறிவிப்பு. தாய்லாந்தில் ராயோங் மாநிலத்தில் 2024 ஜூலையில் ஆலைத் திறப்பு. அதே மாதம் துருக்கியோடு 100 கோடி டாலர் ஒப்பந்தம்.

இது புதிய வழியன்று. அன்று ஜப்பான் நடந்த பாதைதான். 1981-இல் அமெரிக்காவின் நெருக்குதலால், ஆண்டுக்கு 16 இலட்சத்து 80 ஆயிரம் கார்களுக்குமேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் ஒப்பிற்று. உடனே என்ன நடந்தது? 1982-இல் ஒஹையோவில் ஹோண்டா ஆலை. 1983-இல் டென்னசியில் நிசான் ஆலை. சுவர் ஆலையைக் கொண்டுவந்தது. ஆனால் தொழிற்சங்கத்தைக் கொண்டுவந்ததா? இல்லை! அமெரிக்க மோட்டார்த் தொழிலாளர் சங்கம் அந்த ஆலைகளுக்குள் காலூன்ற முடியவில்லை.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு கொடுமையைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. 1982 ஜூன் மாதம், டெட்ராய்ட் நகரம். கார் ஆலைகளில் வேலையிழப்பு. "ஜப்பான்காரன்தான் நம் பிழைப்பைக் கெடுத்தவன்" என்று ஊரெல்லாம் கொதிப்பு. வின்சென்ட் சின் என்ற இளைஞர், சீன வழியில் வந்த அமெரிக்கர். சில நாட்களில் திருமணம் ஆகவேண்டியவர். அவரைக் கார் ஆலை மேற்பார்வையாளர் ஒருவரும் அவருடைய வளர்ப்பு மகனும் மட்டையால் அடித்துக் கொன்றனர். ஜப்பானியர் மேலிருந்த கோபம், ஜப்பானியரே அல்லாத ஒருவர் தலையில் இறங்கிற்று! மாநில நீதிமன்றம் கொடுத்த தண்டனை? 3,000 டாலர் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும்! சிறை இல்லை! ஆலையை மூடியவன் மாடியில் இருந்தான். அடிபட்டவன் தெருவில் கிடந்தான். வெறுப்பு என்னும் குருட்டு வழியில் போனால், தொழிலாளியின் கோபம் இப்படித்தான் விலாசம் தவறிப் போகும்.

கமசாரி கூறும் பாடம்!

பிரேசிலுக்குத் திரும்புவோம். அந்த நாட்டின் வடகிழக்கே பஹியா மாநிலம். அங்கே கமசாரி என்றோர் ஊர். 2001-இல் வரிச்சலுகைகளைப் பெற்றுக்கொண்டு அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி அங்கே ஆலை திறந்தது. ஊர் பிழைத்தது. இருபது ஆண்டு கழிந்தது. 2021 ஜனவரியில், "பிரேசிலில் இனி நாங்கள் கார் செய்வதில்லை" என்று ஒரே அறிக்கை! கமசாரி ஆலை மூடப்பட்டது.

இந்தக் கதையைக் கேட்கும்போது செங்கற்பட்டுப் பக்கத்துத் தோழர்களுக்கு நெஞ்சு பதைக்கும். அதே 2021, அதே ஃபோர்டு! செப்டம்பரில், "இந்தியாவிலும் இனிக் கார் செய்வதில்லை" என்று அறிவித்தது. மறைமலையடிகளின் பெயர் தாங்கிய மறைமலைநகரிலே, 2022-இல் இறுதிக் கார் வெளிவந்தது. இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் போராட வேண்டியிருந்தது. 2024-இல் மறுபடியும் வருகிறோம் என்று கடிதம் கொடுத்தது கம்பெனி. வரட்டும், மகிழ்ச்சி! ஆலை திரும்பலாம், ஆனால் வேலையிழந்து ஊர்விட்டு ஊர் போன குடும்பத்தின் அந்த ஆண்டுகள் திரும்புமா?

கமசாரியின் காலியான ஆலைக்கு வந்தது பி.ஒய்.டி. 2023 ஜூலையில் அறிவிப்பு. ஊரார் மகிழ்ந்தனர்; குடியரசுத் தலைவர் லூலா வரவேற்றார். உலோகத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்தவரல்லவா லூலா? அதே வேளையில் தாழ்ப்பாளையும் எடுத்தார். 2015 முதல் மின்சாரக் காருக்குப் பிரேசிலில் சுங்கவரி இல்லாமலிருந்தது. 2024 ஜனவரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2026 ஜூலையில் 35 என்று ஏணி போட்டுக் காட்டினார்கள். "இங்கே வந்து செய், கப்பலில் அனுப்பாதே" என்பது அதன் பொருள். நல்ல திட்டம்தான்!

ஆனால் ஆலை எழும்பும் இடத்தில் நடந்தது என்ன? 2024 டிசம்பரில் பிரேசில் தொழிலாளர் நலத்துறை அதிகாரிகள் சோதனைக்குச் சென்றனர். கட்டுமான வேலைக்கு ஒப்பந்தக்காரரால் சீனத்திலிருந்து அழைத்து வரப்பட்டிருந்த 163 தொழிலாளர்களை மீட்டனர். மெத்தையில்லாத கட்டில்கள், ஓரிடத்தில் 31 பேருக்கு ஒரே கழிப்பறை, பலருடைய பாஸ்போர்ட் அவர்கள் கையில் இல்லை, கூலியின் பெரும்பகுதி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று அறிவித்தனர். "அடிமைத்தனத்துக்கு ஒப்பான நிலை" என்பது அந்நாட்டுச் சட்டம் அதற்குத் தரும் பெயர். ஒப்பந்தக்காரர் மறுத்தார். பி.ஒய்.டி. அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 2025 மே மாதத்தில், மொத்தம் 220 தொழிலாளர்கள் சார்பில், 25 கோடியே 70 இலட்சம் ரெயால் இழப்பீடு கேட்டு, பி.ஒய்.டி. மீதும் ஒப்பந்தக்காரர்கள் மீதும் அரசுத் தரப்பு வழக்குத் தொடுத்தது.

தோழர்களே, கடல் கடந்து அழைத்துப் போவது, கூலியைப் பிடித்து வைப்பது, திரும்பிப் போக வழியில்லாமல் காகிதத்தைப் பறித்து வைப்பது... எங்கோ கேட்ட கதைபோல் இல்லையா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி அழைத்துப்போன நம் பாட்டன் கதை! கடன் கணக்கு எழுதிய "துண்டு" ஒன்றினால் கட்டிப்போடப்பட்ட நம் பாட்டியின் கதை! அன்று கங்காணி, இன்று ஒப்பந்தக்காரர். அந்த 163 பேரும் சீனர். சீனக் கம்பெனியின் ஆலைக்காக, சீன ஒப்பந்தக்காரரால் அழைத்து வரப்பட்ட சீனர். ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே கொடி! காப்பாற்றியதா அந்தக் கொடி? காப்பாற்றியது பிரேசிலின் தொழிலாளர் சட்டம்!

சட்டையும் பொத்தானும்!

ஆலை எழுந்தது. 2025 ஜூலையில் முதல் கார். அக்டோபரில் லூலா கலந்துகொண்ட திறப்பு விழா. அங்கேயும் ஒரு வழக்கு எழுந்தது; நீதிமன்றத்தில் அல்ல, ஊரார் நடுவில். சீனத்தில் பெரும்பகுதி செய்து முடித்த காரைக் கப்பலில் கொண்டுவந்து, இங்கே பூட்டிச் சேர்த்து வெளியே விடுவது. அதற்கும் வரிக்குறைப்பு வேண்டும் என்று கேட்டது கம்பெனி. தைத்த சட்டையைக் கொண்டுவந்து பொத்தான் மட்டும் வைத்துவிட்டு, "தையற்கடை திறந்துவிட்டேன்" என்றால் ஒப்புவோமா? "தொடக்கத்தில் மட்டுமே இப்படி, பிறகு எல்லாம் இங்கேயே" என்றது பி.ஒய்.டி. ஃபோக்ஸ்வேகன், டொயோட்டா, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ் நால்வரும் லூலாவுக்குக் கடிதம் எழுதினர். அவர்களுடைய கவலை அவர்களுடைய சந்தை!

2025 ஜூலை இறுதியில் அரசு தீர்ப்புச் சொன்னது. பூட்டிச் சேர்க்கும் உதிரிகளுக்கான 35 விழுக்காடு வரி 2028 வரை காத்திராமல் 2027 ஜனவரியிலேயே வரும். அதுவரை ஆறு மாத காலத்துக்கு 46 கோடியே 30 இலட்சம் டாலர் அளவு சரக்குக்கு வரி இல்லை. இவருக்கும் பாதி, அவருக்கும் பாதி! இரு முதலாளிகளுக்கும் பங்கு பிரித்தாயிற்று. கமசாரித் தொழிலாளியின் பங்கு எந்த ஏட்டில் எழுதப்பட்டது?

நாம் கேட்பது!

இப்போது நம் வாசலுக்கு வருவோம். 2023-இல், 100 கோடி டாலரில் இங்கே ஆலை வைக்கப் பி.ஒய்.டி. கொடுத்த திட்டத்தை ஒன்றிய அரசு ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில், வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார் ஆலை நம் தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. எனவே இது எங்கோ நடக்கும் பேச்சல்ல. மின்சாரக் காரில் எஞ்சின் இல்லை. கியர்ப்பெட்டி வேலை சுருங்கிவிட்டது. எஞ்சினையும் கியரையும் நம்பி வாழும் பட்டறைகள் எத்தனை என்று அம்பத்தூரையும் கோவையையும் கேட்டுப் பாருங்கள்! வருகிற மாற்றத்தை வாசலிலே நிறுத்த முடியாது. எந்த நிபந்தனையோடு வரவேண்டும் என்று சொல்ல முடியும், சொல்ல வேண்டும்.

"சீனாக்காரனை விடாதே" என்று முழங்குவார் ஒருவர். "மலிவாகக் கிடைக்கிறது, விட்டுவிடு" என்பார் மற்றொருவர். இருவரையும் பார்த்து நாம் கேட்கிறோம்: உள்ளே வேலை செய்யப்போகிறவன் யார்? அவன் கூலி என்ன? அவனுக்குச் சங்கம் உண்டா? இதற்குப் பதில் சொல்லாத இருவரும் நமக்கு ஒன்றே!

சுங்கவரி என்பது அரசாங்கத்தின் கையில் உள்ள பேரம் பேசும் வலிமை. அந்த வலிமையைக் கொண்டு எதைக் கேட்கிறது என்பதிலேதான் அரசின் தரம் விளங்கும். நிலம் கொடு, வரியைக் குறை, மின்சாரம் கொடு என்று கம்பெனி பட்டியல் நீட்டும்போது, நாமும் ஒரு பட்டியல் நீட்டுவோம். ஒன்று: ஆலையில் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை முதல் நாளே ஒப்புக்கொள்ளப்படவேண்டும். இரண்டு: எந்த ஆண்டுக்குள் எவ்வளவு பங்கு உதிரிகள் இங்கே செய்யப்படும் என்பது எழுத்தில் வேண்டும், பொத்தான் தைக்கும் கடை வேண்டாம். மூன்று: ஒப்பந்தக்காரர் செய்யும் குற்றத்துக்குக் கம்பெனியே பொறுப்பு; "எனக்குத் தெரியாது" என்ற சொல் செல்லக்கூடாது. நான்கு: வந்தவர் போகும் நாள் வந்தால், தொழிலாளிக்கு உரிய இழப்பீடு வரும் நாளிலேயே உறுதிப்படுத்தப்படவேண்டும். மறைமலைநகர் கற்றுக்கொடுத்த பாடம் அது. கமசாரி எழுதிக்கொடுத்த பாடம் அது.

"இப்படிக் கேட்டால் கம்பெனி பக்கத்து மாநிலத்துக்கு ஓடிவிடும்" என்று பயமுறுத்துவார்கள். ஓடலாம்! ஒருவன் மட்டும் கேட்டால் ஓடுவான். பக்கத்து மாநிலத்துத் தொழிலாளியும் அதையே கேட்டால் எங்கே ஓடுவான்? பிரேசில்காரனும் துருக்கிக்காரனும் தாய்லாந்துக்காரனும் அதையே கேட்டால் எந்தக் கடலில் கப்பலை நிறுத்துவான்?

சீனத் தொழிலாளி நமக்குப் பகைவனல்லன். மெத்தையில்லாத கட்டிலில் படுத்திருந்த அந்த 163 பேரின் முதுகில் பதிந்த தழும்பும், பிரஸ்ஸல்ஸ் ஆலையின் மூடிய கதவுக்கு முன் நின்றவன் பெருமூச்சும், மறைமலைநகரில் இழப்பீடு கேட்டு நின்றவன் முழக்கமும் ஒரே கதையின் மூன்று பக்கங்கள்.

சுவர் எழட்டும், தேவையென்றால்! வாசலும் திறக்கட்டும், தேவையென்றால்! ஆனால் சுவருக்கு உள்ளே சோறு இருக்கிறதா என்று பார்க்கும் கண்ணும், இல்லையென்றால் கேட்கும் வாயும், கிடைக்கும்வரை பிரியாத கையும் உழைப்பவனிடம் இருக்கவேண்டும். அவை இருந்தால், எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும் நமக்கு அச்சமில்லை. இல்லாவிட்டால், நம் நாட்டு ஆலையே நமக்குச் சிறை!